ஏழரை ஆண்டு மேஜைக்குள் கிடந்த கன்செர்ட்டோ

1948 மார்ச் 24 அன்று சோவியத் இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச் தன் முதல் வயலின் கன்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எழுதி முடித்தார். அது முதன்முதலாக மேடையில் ஒலித்தது 1955 அக்டோபர் 29 அன்று, லெனின்கிராடில். இடையில் ஏழரை ஆண்டும் கொஞ்சமும். நம்மிடையே ஏழரை என்றாலே சனிதான் ஞாபகத்துக்கு வரும். இந்த விஷயத்தில் சனி ஸ்டாலின்தான் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சனி இந்தக் கன்செர்ட்டோவின் மேல் நேராகக் கை வைக்கவே இல்லை.

சோவியத் கலை வரலாற்றில் தடை செய்யப்பட்ட படைப்புகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வரிசையில் இதையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை என்று நினைக்கிறேன். 1948 பிப்ரவரி 14 அன்று நிகழ்ச்சிப் பட்டியல்களைக் கண்காணிக்கும் அரசுக் குழு வெளியிட்ட தடைப் பட்டியலில் ஷோஸ்டகோவிச்சின் 6, 8, 9ஆம் சிம்பொனிகள் இருந்தன. கன்செர்ட்டோ இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அன்றைக்கு அது பெரும்பாலும் மேஜையில், மீதி அவர் தலைக்குள். யாரும் தடை செய்யாத ஒன்று ஏன் ஏழரை ஆண்டு வெளியே வரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அந்தக் குளிர்காலம்

எழுதத் தொடங்கியது 1947 ஜூலையில். அப்போது பெரிய நெருக்கடி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. 1936 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘பிரவ்தா’ நாளிதழ் அவருடைய ஓபராவை ‘இசைக்குப் பதிலாகக் குழப்படி’ என்று தலைப்புப் போட்டுத் தாக்கிய பழைய காயம் இருந்தது. ஆனால் அதற்குப் பின் ஐந்தாம் சிம்பொனியின் வெற்றி, முற்றுகைக் காலத்து ஏழாம் சிம்பொனி தந்த உலகப் புகழ், மாஸ்கோ, லெனின்கிராட் கன்சர்வட்டரிகள் என்ற இசைக் கல்லூரிகள் இரண்டிலும் பேராசிரியர் பதவி என்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. யாருக்காக எழுதுகிறோம் என்பதும் தெளிவாக இருந்தது. ஒடெசாவில் பிறந்த யூதரான தாவித் ஓய்ஸ்திராக் அன்றைய சோவியத் வயலின் கலைஞர்களில் முதல்வர். இருவரும் சேர்ந்து ஷோஸ்டகோவிச்சின் இரண்டாம் பியானோ ட்ரையோவை (பியானோ, வயலின், செல்லோ மூன்றும் வாசிக்கும் படைப்பு) வாசித்துப் பழகியவர்கள்.

1948 ஜனவரி முதல் வாரத்தில் ஸ்டாலின் ஓர் ஓபரா பார்க்கப் போனார். ஜார்ஜியாவில் பிறந்த வானோ முராதெலி எழுதிய ‘மாபெரும் நட்பு’. ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை. முராதெலிக்கும் ஷோஸ்டகோவிச்சுக்கும் இசையில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அடுத்த சில நாள்களிலேயே கட்சியின் மத்தியக் குழு அலுவலகத்தில் இசையமைப்பாளர்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்துவிட்டார்கள். தலைமை ஆந்திரேய் ஷ்தானவ், கலை இலக்கியத் துறைகளில் கட்சியின் சாட்டையாக இருந்தவர். நவீன இசையைக் கேட்டால் பல் வைத்தியரின் துளைக்கும் கருவி ஞாபகம் வருகிறது என்றார். அதோடு விடவில்லை. விஷப்புகையில் ஆளைக் கொல்லும் வண்டியையும் உவமைக்கு இழுத்தார். நாஜி வதை முகாம்கள் மூடி மூன்று வருஷம் ஆகாத நேரத்தில் இப்படி ஓர் உவமை!

பகலில் கூட்டம், இரவில் வீடு திரும்பிக் கன்செர்ட்டோ. அப்போது கையில் இருந்தது மூன்றாம் பகுதி, பாசகாலியா.

இதற்கு நடுவில்தான் ஜனவரி 12 நள்ளிரவை ஒட்டி மின்ஸ்க் நகரில் சாலமன் மிகோயல்ஸ் கொல்லப்பட்டார். மாஸ்கோவின் அரசு யூத நாடக அரங்கை நடத்தியவர், போர்க்காலத்தில் யூத பாசிச எதிர்ப்புக் குழுவின் தலைவர். ரகசியப் போலீஸ் ஆட்கள் கொன்றுவிட்டு, லாரி மோதிச் செத்தது போலத் தெருவில் போட்டார்கள். அப்புறம் மாஸ்கோவில் அரசு மரியாதையோடு அடக்கமும் நடந்தது. அவருடைய மருமகன் மைச்சிஸ்வாவ் வைன்பெர்க் இசையமைப்பாளர், ஷோஸ்டகோவிச்சுக்கு மிக நெருங்கிய நண்பர். 13ஆம் தேதி ஷோஸ்டகோவிச் அந்த வீட்டுக்குப் போனார். மகளையும் மருமகனையும் தழுவிக்கொண்டார், பிறகு புத்தக அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, செத்துப்போனவர்மீது தனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னார். மகள் நத்தாலியா பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த வழக்கின் சாட்சியங்களில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 10 அன்று மத்தியக் குழுவின் தீர்மானம் வந்தது. பெயருக்கு முராதெலியின் ஓபராவைப் பற்றியது. ஆனால் ஷோஸ்டகோவிச், புரகோஃபியவ், கச்சத்தூரியான், மியாஸ்கோவ்ஸ்கி, ஷெபாலின், போப்போவ் ஆகியோரை ‘வடிவவாதிகள்’ என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது. மக்களுக்குப் புரியாத இசை, மெட்டில்லாத இசை, மேற்கின் நோய் பிடித்த இசை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் அர்த்தம். ஏப்ரலில் இசையமைப்பாளர் சங்க மாநாடு கூடியது, தீஹன் கிரென்னிகோவ் தலைமைச் செயலாளர் ஆனார். ஷோஸ்டகோவிச் பொதுமேடையில் தன் தவறை ஒப்புக்கொண்டு பேசினார். அந்த ஆண்டே இரண்டு கன்சர்வட்டரி வேலைகளும் போயின. ஓய்ஸ்திராக்குக்கான கன்செர்ட்டோ எழுதி முடித்தாகிவிட்டது. அது மேஜை டிராயருக்குள் போனது.

சுரங்களில் என்ன இருக்கிறது

அரசியல் கதை இவ்வளவு பரபரப்பாக இருக்கும்போது இசையை அதற்கு விளக்கப்படம் ஆக்கிவிடும் ஆசை வரும். 1979இல் அமெரிக்காவில் ஷோஸ்டகோவிச்சின் நினைவுக்குறிப்புகள் என்று ஒரு நூல் வெளிவந்ததிலிருந்து, அவருடைய ஒவ்வொரு சுரத்திலும் ரகசியச் செய்தி தேடுவது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்த நூல் உண்மையில் அவர் சொன்னதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் முதலில் ஒரு குளிர்ந்த தகவல். தீர்மானம் வெளியான நாளில் தான் எழுதிக்கொண்டிருந்த இடத்தை ஷோஸ்டகோவிச் பின்னாளில் ஓர் இளைய இசையமைப்பாளருக்குப் பிரதியில் தொட்டுக் காட்டினாராம். அந்த இடத்துக்கு முன்னாலும் வயலினில் வேகமான பதினாறில் ஒரு பங்கு சுரங்கள், பின்னாலும் அதே பதினாறில் ஒரு பங்கு சுரங்கள். இசையில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்படியானால் அரசியலே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது தீர்மானத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டது.

கன்செர்ட்டோவில் நான்கு பகுதிகள். பொதுவாக மூன்றுதான் இருக்கும். முதல் பகுதி நாக்டர்ன், ‘இரவுப் பாட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். செல்லோக்களும் பாஸ்களும் அடிக்குரலில் ஒரு வரியை ஊர்ந்து சொல்ல, அதன்மேல் வயலின் நுழைகிறது. நுழைந்தபின் வில்லை எடுக்கவே விடுவதில்லை. வழக்கமான கன்செர்ட்டோவில் வாசிப்பவர் முதல் ஐந்து நிமிடத்துக்குள் தன் சாமர்த்தியத்தைக் காட்டிக் கைதட்டலுக்குத் தளம் போட்டுவிடுவார். இங்கே பத்து நிமிடத்துக்கு மேல் தனியாக, தாழ்ந்த குரலில் பேச வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் கிடையாது. பித்தளையில் நான்கு ஹார்னும் ஒரு ட்யூபாவும் மட்டுமே. கூடவே இரண்டு ஹார்ப், செலஸ்டா, சைலஃபோன். வெளிச்சம் தரும் வாத்தியங்களை விலக்கிவிட்டு அடியிலிருக்கும் கனத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். வயலின் குரல் அமுங்காமல் இருக்கவும் அது உதவுகிறது.

இரண்டாவது ஸ்கெர்ட்ஸோ, வேகமாகத் துள்ளும் பகுதி. ஓய்ஸ்திராக் இதைக் கொடிய, பேய் பிடித்த, முள் நிறைந்த இசை என்ற பொருளில் வர்ணித்தார். புல்லாங்குழலும் பாஸ் கிளாரினெட்டும் மெட்டைச் சொல்ல, வயலின் பக்கத்திலிருந்து குத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஷோஸ்டகோவிச்சின் இசைக் கையெழுத்து. ஜெர்மன் முறையில் தன் பெயரின் எழுத்துகளைச் சுரங்களாக்கி டி, எஸ், சி, ஹெச் என்று நான்கு சுரங்களில் அவர் கையெழுத்துப் போடுவார். 1953இல் பத்தாம் சிம்பொனியில் அதை ஊரறிய உரக்கப் போட்டார். இந்த ஸ்கெர்ட்ஸோவிலோ அது வேறு சுருதியில், சற்று திரிந்த வடிவில் எட்டிப் பார்க்கிறது. அதாவது முழுப் பெயரைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வது போல. இன்னொன்று, நடுவில் திடீரென்று கிளம்பும் யூத நாட்டு நடனம். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாண வீட்டு வாத்தியக்காரர்கள் வாசிக்கும் பாணி. காலைத் தூக்கி ஆட வைக்கும், ஆனால் உள்ளே அழுகை. சிரிப்பும் அழுகையும் ஒரே மெட்டில் கலந்திருப்பதுதான் யூத இசையில் ஷோஸ்டகோவிச்சை இழுத்தது.

கவனியுங்கள், ஸ்கெர்ட்ஸோ எழுதப்பட்டது 1947இன் இறுதியில். மிகோயல்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். யூத மெட்டை அவருக்கான இரங்கல் என்று சொல்பவர்கள் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த மாதங்களில் அதே மெட்டு ஆபத்தான பொருளாக மாறியது. 1948 நவம்பரில் யூத பாசிச எதிர்ப்புக் குழு கலைக்கப்பட்டது. 1949இல் மிகோயல்ஸின் நாடக அரங்கு மூடப்பட்டது. ‘வேரற்ற உலகக் குடிமக்கள்’ என்று பத்திரிகைகள் யூதர்களைச் சாடின. 1952 ஆகஸ்ட் 12 இரவு அந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட 13 பேர் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எழுதும்போது வெறும் நடனமாக இருந்தது, டிராயருக்குள் கிடந்தபடியே குற்றச்சாட்டுக்கு உரியதாக வளர்ந்துவிட்டது.

மூன்றாம் பகுதியான பாசகாலியாவைத்தான் நான் இந்தக் கன்செர்ட்டோவின் நெஞ்சு என்பேன். பாசகாலியா என்பது பழைய வடிவம். அடிக்குரலில் ஒரு வரி மாறாமல் திரும்பத் திரும்ப வரும், மேலே புதிது புதிதாக எழுப்பிக்கொண்டே போக வேண்டும். ஆவர்த்தனம் என்றால் என்ன என்று தெரிந்த காதுகளுக்கு இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. கஷ்டம் அதன் நீளத்தில். வழக்கமாக அடிவரி நான்கு பார் அல்லது எட்டு பாரில் முடியும்; பார் என்பது தாளத்தின் ஓர் அடைப்பு. இங்கே 17 பார்கள். கணக்கில் எங்கும் இரட்டையாகப் பிரியாத எண். எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று காது தேடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். மொத்தம் ஒன்பது சுற்று. முதல் சுற்றில் செல்லோ, பாஸ், டிம்பனி முரசுகள். அவற்றின் மேல் ஹார்ன்களின் முழக்கம். இரண்டாவதில் மர வாத்தியங்கள் சவ ஊர்வலத்துப் பிரார்த்தனை போல ஒன்றைச் சொல்கின்றன. மூன்றாவதில்தான் வயலின் வருகிறது. வந்து சண்டை போடுவதில்லை, பாடுகிறது. சுற்று ஏற ஏற அழுத்தம் கூடி, கடைசியில் அந்த அடிவரியையே வயலின் தன் குரலில், இரட்டைத் தந்திகளில், உச்சத்தில் வாங்கிக்கொள்கிறது. கீழே ஓடிக்கொண்டிருந்த விதியை மேலே இருப்பவர் தானே எடுத்துச் சொல்லும் இடம் அது.

இந்த வடிவத்தை அவர் முன்பும் கையாண்டிருக்கிறார். 1936இல் தாக்கப்பட்ட அதே ஓபராவில், மாமனார் விஷம் வைத்துக் கொல்லப்பட்டதும் திரை மூடியிருக்கும் நேரத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசிப்பது ஒரு பாசகாலியாதான். மிகோயல்ஸ் இறந்த வாரத்தில் இதை எழுதிக்கொண்டிருந்தது தற்செயல்தான், வடிவம் முன்பே முடிவாகியிருக்கும். ஆனாலும் அந்த வாரத்தில் இதை எழுதியவரின் கை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் என்னால் இதைக் கேட்க முடிவதில்லை. என் குளிர்ந்த தகவல் கொள்கை இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாசகாலியா அடங்கியதும் ஆர்கெஸ்ட்ரா விலகிவிடுகிறது. வயலின் மட்டும். கடென்ஸா என்ற இந்தத் தனிப்பகுதி சுமார் ஐந்து நிமிடம் நீள்கிறது. முணுமுணுப்பில் தொடங்கி, முந்தைய பகுதிகளின் துண்டுகளை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, வெறி ஏறி, நிறுத்தமே இல்லாமல் நான்காம் பகுதியான புர்லெஸ்க்கில் போய் விழுகிறது. கோமாளிக் கூத்து என்று அர்த்தம். கூத்தின் நடுவில் பாசகாலியாவின் வரி கிளாரினெட், ஹார்ன், சைலஃபோன் வழியாகக் கேலிக்குரலில் திரும்பி வருகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில், மேடையில் கண்டனப் பேச்சுகள் ஒரு பக்கம் நடக்க, மேஜையில் நடந்த வேலை இது.

உத்தரவும் காலண்டரும்

இனி கேள்விக்கு வருவோம். தடைதான் காரணம் என்றால் தடை நீங்கிய நாளில் கன்செர்ட்டோ வெளியே வந்திருக்க வேண்டும். தடை நீங்கிய நாள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1949 மார்ச் 16. நியூயார்க்கில் நடக்கவிருந்த உலக அமைதி மாநாட்டுக்கு ஷோஸ்டகோவிச்சை அனுப்ப விரும்பி ஸ்டாலினே தொலைபேசியில் அழைத்தார். என் இசையைச் சொந்த நாட்டிலேயே வாசிப்பதில்லையே, நான் எப்படிப் போய் நிற்பது என்று இவர் கேட்க, தடை செய்தது யார் என்று அவர் வியந்தாராம்! உடனே அந்தப் பட்டியல் ரத்தானது. ஷோஸ்டகோவிச் நியூயார்க் போனார். ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற நவீன இசையமைப்பாளர்களின் இசையைக் கட்சி கண்டிப்பதை ஏற்கிறீர்களா என்று சபையில் ஒருவர் கேட்டதற்கு, ஏற்கிறேன் என்றார். திரும்பி வந்தார். கன்செர்ட்டோ டிராயரிலேயே இருந்தது, இன்னும் ஆறரை ஆண்டுக்கு.

மறுபக்கம், 1948 தீர்மானத்தைக் கட்சி திருத்திக்கொண்டது 1958 மே மாதத்தில். கன்செர்ட்டோ ஒலித்ததோ அதற்கு இரண்டரை ஆண்டு முன்பே. ஆக, தடை போனபோது கன்செர்ட்டோ வரவில்லை, கன்செர்ட்டோ வந்தபோது தீர்மானம் போகவில்லை. உத்தரவுகளின் தேதியை வைத்து இதன் மௌனத்தை விளக்கவே முடியாது.

வேறு எதை வைத்து விளக்கலாம்? ரஷ்யாவில் ‘மேஜைக்கு எழுதுவது’ என்று ஒரு சொல்வழக்கு உண்டு. வெளியிடும் எண்ணமே இல்லாமல், அல்லது அதற்கு வழியே இல்லாமல், எழுதி உள்ளே வைப்பது. இந்த ஆண்டுகளில் ஷோஸ்டகோவிச் இரண்டு கணக்குகள் வைத்திருந்தார். வெளிக்கணக்கில் ‘பெர்லின் வீழ்ச்சி’ போன்ற படங்களுக்கு இசை, 1949இல் காடு வளர்ப்புத் திட்டத்தைப் போற்றும் ‘காடுகளின் பாட்டு’. அதற்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது, குடும்பம் சாப்பிட்டது. உள்கணக்கில் இந்தக் கன்செர்ட்டோ, 1948இலேயே எழுதிய யூத நாட்டுப்பாடல் தொகுப்பு, 1949இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய நான்காம் நால்வர் இசை. எது எந்தக் கணக்கில் போக வேண்டும் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. அவரே பிரித்தார். ஒடுக்குமுறை நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே அதுதான் என்று நினைக்கிறேன்: தணிக்கை அதிகாரிக்குச் செலவில்லை, வேலையை இசையமைப்பாளரே செய்துவிடுகிறார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1953 ஜனவரி 13 அன்று, மிகோயல்ஸ் இறந்து சரியாக ஐந்தாண்டில், யூத மருத்துவர்கள் மீதான சதிக் குற்றச்சாட்டை ‘பிரவ்தா’ வெளியிட்டது. செத்துப்போன மிகோயல்ஸின் பெயரையும் அதில் சேர்த்திருந்தார்கள். பிப்ரவரியில் வைன்பெர்க் கைதானார். ஷோஸ்டகோவிச் அவருக்காக, ரகசியப் போலீஸை நெடுநாள் நடத்திய பெரியாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த நேரத்தில் யூத நடனம் உள்ள ஒரு கன்செர்ட்டோவை, ஒரு யூத வயலின் கலைஞரின் கையில் கொடுத்து மேடையேற்றுவது தன் தலையை மட்டும் பணயம் வைக்கும் காரியம் இல்லை.

மார்ச் 5 அன்று ஸ்டாலின் செத்தார். அதே நாளில் புரகோஃபியவும். ஏப்ரலில் வைன்பெர்க் விடுதலையானார்.

அப்போதும் டிராயர் ஒரேயடியாகத் திறக்கவில்லை. நால்வர் இசை 1953 டிசம்பரில் வந்தது, யூதப் பாடல்கள் 1955 ஜனவரியில், கன்செர்ட்டோ கடைசியில். தண்ணீர் சுடுகிறதா என்று ஒவ்வொரு விரலாக நனைத்துப் பார்ப்பது போல. கடைசியில் கதவைத் தள்ளியதில் ஓய்ஸ்திராக்கின் அமெரிக்கப் பயணத்துக்கும் பங்கிருக்கும் என்பது என் ஊகம். 1955 நவம்பரில் அவர் முதன்முறை அமெரிக்கா போனார். லெனின்கிராட் அரங்கேற்றத்துக்குச் சரியாக இரண்டே மாதத்தில், டிசம்பர் 29 அன்று, கார்னகி ஹாலில் மித்ரோபௌலஸ் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு இதை வாசித்தார். ஜனவரியில் இசைத்தட்டுக்கும் பதிவானது.

எட்டு பார்கள்

ஒத்திகையின்போது ஓய்ஸ்திராக் ஒரு விண்ணப்பம் வைத்தார். அது அரசியல் இல்லை, வியர்வை. பாசகாலியா, அதன்பின் ஐந்து நிமிடக் கடென்ஸா, உடனே புர்லெஸ்க்கின் மெட்டையும் வயலினே தொடங்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தது. முதல் எட்டு பார்களை ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தால் நெற்றியையாவது துடைத்துக்கொள்ளலாமே என்றார். ஷோஸ்டகோவிச், இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சொல்லி உடனே மாற்றிக் கொடுத்தார். இப்போது அந்த இடத்தைச் சைலஃபோனும் மர வாத்தியங்களும் தொடங்கிவைக்கின்றன. கேட்பவருக்குக் கூத்தின் திரை சட்டென்று விலகுவது போல இருக்கும். எனக்கு மாற்றியதுதான் பிடித்திருக்கிறது.

லெனின்கிராடில் ம்ராவின்ஸ்கி ஆர்கெஸ்ட்ராவை நடத்திய அரங்கேற்றத்தில் கூட்டம் கொண்டாடியது. பத்திரிகைகள் அவ்வளவாக வாய் திறக்கவில்லை. என்ன சொல்வது சரி என்று மேலிருந்து யாரும் சொல்லாதபோது சும்மா இருப்பதே பாதுகாப்பு. அடுத்த ஆண்டு ஓய்ஸ்திராக்கே ‘சோவியத் இசை’ இதழில் கட்டுரை எழுதி, இந்த வயலின் பகுதி ஷேக்ஸ்பியரின் பாத்திரத்தைப் போல வாசிப்பவரின் அறிவையும் உணர்வையும் முழுக்கக் கேட்கிறது என்று வாதாடினார். ஒரு கலைஞர் தன் வில்லை வைத்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. 1967இல் ஷோஸ்டகோவிச் இரண்டாம் வயலின் கன்செர்ட்டோவையும் அவருக்கே, அறுபதாம் பிறந்தநாள் பரிசாக எழுதினார். வருஷத்தைத் தப்பாக எண்ணியதால் ஓராண்டு முன்னாலேயே எழுதிவிட்டார். அடுத்த வருஷம் ஒரு வயலின் சொனாட்டாவைக் கொடுத்து கணக்கைச் சரிக்கட்டினார்.

ஒரு சிறு விஷயம் பாக்கி. 1948 வரிசைப்படி இந்தக் கன்செர்ட்டோவின் படைப்பு எண் 77. 1955இல் வெளிவந்தபோது 99 என்று போட்டார்கள், ஏதோ அப்போதுதான் எழுதியது போல. டிராயரில் கழிந்த ஆண்டுகள் எண்ணிலிருந்து காணாமல் போயின. பிறகு 77 திரும்பி வந்தது. பழைய இசைத்தட்டு உறைகளில் 99 என்றும் புதியவற்றில் 77 என்றும் பார்த்தால் இரண்டு கன்செர்ட்டோக்கள் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். ஆனால் 1956இல் மித்ரோபௌலஸோடு பதிவு செய்ததையும், 1972இல் ஷோஸ்டகோவிச்சின் மகன் மக்சீம் நடத்த, லண்டனின் நியூ ஃபில்ஹார்மோனியாவோடு பதிவு செய்ததையும் வாங்கலாம். இரண்டிலும் வாசிப்பவர் ஓய்ஸ்திராக்தான்.